நிழற்படத்தில் நின்றது யார்?

தீப்பெட்டி ஆலையால் பெயர்பெற்ற விம்கோ நகரில், சில மாதங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்து வெளிவந்த நம் கையில் ஒருவர் தம் கைப்பேசியைத் திணித்தார். எண்ணூர் விரைவுச்சாலையின் இரவுக் காட்சி. கன்டெய்னர் லாரிகளின் வரிசை. அருகே வெளுத்த உருவம் ஒன்று. சில நாள் முன்பு அதே இடத்தில் லாரி மோதி இறந்த இளைஞனே அது என்றார். தலை இது, தோள் இது என்று அவர் விரலால் கோடிட்டுக் காட்டியபின் நமக்கும் தெரிந்தது. காட்டுமுன் தெரியவில்லை.

மனிதக் கண் எங்கும் முகத்தைத் தேடும். பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தையும் முகம்போல் வரைந்த படத்தின் பின்னே தலையைத் திருப்புவதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். 1976 ஜூலை 25 அன்று வைக்கிங்-1 விண்கலம் எடுத்த படத்தில் செவ்வாயின் குன்று ஒன்று மனித முகமாய்த் தோன்ற, உலகெங்கும் கதைகள் பிறந்தன. 1998-இலும் 2001-இலும் வேறொரு விண்கலம் கூர்மையாகப் படமெடுத்தபோது குன்று வெறும் குன்றாகவே இருந்தது. இன்றைய கைப்பேசியோ இருட்டில் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாக இணைக்கிறது. அதற்குள் நடந்து கடப்பவர் புகையுருவாகிவிடக்கூடும்.

இதைச் சொன்னதும், "உயிர்ப்பை நம்பும் நீங்களா ஆவியை மறுப்பது?" என்றனர். விடை நற்செய்தியிலேயே உண்டு. இரவில் ஏரிமீது நடந்துவந்தவரைப் பேயென்று அலறியவர்களுள் கடலறிந்த மீனவர்களும் இருந்தார்கள். உயிர்த்த ஆண்டவரைக் கண்டு ஆவியென்று நடுங்கியவர்களும் சீடர்களே. ஆண்டவரோ கைகால்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்ட மீனை வாங்கி அவர்கள் கண்முன் உண்டார். சோதித்தறிதல் அவிசுவாசமென்றால் இதை என்னவென்பது? தரிசனங்கள் குறித்து 2024 மே 17 அன்று உரோமை வெளியிட்ட நெறிமுறைகளும் ஆயர்களை விசாரிக்கவே பணிக்கின்றன. மாதாவின் பெயரால் வரும் செய்தியையே ஆராயும் திருச்சபையின் மக்கள், ஒரு மங்கலான படத்தை ஆராயாமல் ஏற்கலாமா?

வேடிக்கையென்று விட்டுவிடலாம், துயரத்தை விற்பவர்கள் இல்லையென்றால். அமெரிக்காவில் வில்லியம் மம்லர் என்பவர் 1860-களில், உயிரோடிருப்பவர் படத்தில் இறந்தோர் உருவைச் சேர்த்துத் தந்து காசு பார்த்தார். அது உள்நாட்டுப் போர் எண்ணற்ற வீடுகளில் சாவை விதைத்த காலம். 1869-இல் நியூயார்க்கில் வழக்கு நடந்தது. சான்று போதாமல் தப்பினார். பின்னர் லிங்கனின் மனைவியும் அவர்முன் அமர்ந்தார். மாண்ட கணவர் தம் தோளில் கைவைத்து நிற்கும் படத்தோடு திரும்பினார்.

இளைஞனின் தாயிடமும் ஒருவன் வந்தான். அலையும் ஆவியைக் கட்ட ஐயாயிரம் ரூபாய் கேட்டான். நாம் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா கம்மலைக் கழற்றிக்கொண்டிருந்தார். இறந்தோரை அழைப்பதைத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் விலக்குகிறது என்று சொல்லி, மகனுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்றோம். அழுதார், கம்மலை மறுபடி போட்டுக்கொண்டார்.

அந்த இடம் காவு கேட்கிறதாம். தெருவெல்லாம் அதே பேச்சு. பேய்மேல் பழி விழுந்த நாள்முதல் லாரியைப் பற்றிப் பேசுவாரில்லை. படத்தை மீண்டும் வாங்கி, உருவத்தை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தோம். சாலையோரம் பின்விளக்கு எரியாமல் நின்ற லாரிகள் மூன்று, தெளிவாகவே பதிந்திருந்தன.