ஒழுகுகிற இடம் வேறு, ஓட்டை வேறு

"நம்ம ஊர் மெக்கானிக் எதைக் குடுத்தாலும் சரி பண்ணிருவான் சார்" என்று பெருமையோடு சொல்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. அதில் பாதிக் கோபம் என் மீதே. இதே வாக்கியத்தைக் கொஞ்சம் மெருகேற்றி, ஃபோட்டோவோடு ஃபேஸ்புக்கில் போட்டு ஆயிரத்துச் சொச்சம் லைக் வாங்கியவன் நான். பிறகு அந்தப் பதிவை அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன் என்று சொல்ல ஒரு கார்பெட் கழுவும் மெஷினிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என் மாமாவுக்குக் குற்றாலத்தில், ஐந்தருவி போகிற ரோட்டில், பதினான்கு அறை கொண்ட லாட்ஜ். சாரலில் சுவரே வேர்க்கிற ஊரில் எவனாவது கார்பெட் போடுவானா என்று கேட்டால் மாமாவுக்குக் கோபம் வரும். ஏசி அறைக்குக் கார்பெட் இருந்தால்தான் ஆன்லைனில் ஃபோட்டோ நன்றாக இருக்குமாம். அருவியில் எண்ணெய்க்கும் சோப்புக்கும் தடை. ஆனால் அறையிலேயே எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு கிளம்புகிறவர்களை எந்தத் தடையும் நிறுத்தாது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை அந்தக் கார்பெட்டும் சோஃபாவும் மெத்தையும் படுகிற பாட்டைச் சொல்லி மாளாது. அதற்காக அறுபதாயிரத்துக்கு மேல் கொடுத்து மாமா ஒரு மெஷின் வாங்கினார்.

மெஷினின் வேலை எளிது. ஒரு தொட்டியில் ஷாம்பு கலந்த நல்ல தண்ணீர். ஒரு பம்ப் அதை அழுத்தத்தோடு கார்பெட்டில் பீய்ச்சும். உடனே ஒரு வாக்குவம் மோட்டார் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி இன்னொரு தொட்டிக்கு இழுக்கும். பீய்ச்சுகிற பக்கம், உறிஞ்சுகிற பக்கம், அவ்வளவுதான். சீசன் முடிந்ததும் மாமாவின் ஆட்கள் அதை அப்படியே மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். உள்ளே மிச்சமிருக்கிற ஷாம்புத் தண்ணீர் காய்ந்து உப்பு மாதிரி படியும். ரப்பர் விறைக்கும். அடுத்த ஜூனில் எடுத்து ஸ்விட்ச் போட்டால் அடியில் ஒரு குளம்.

மாமா கம்பெனிக்கு ஃபோன் போட்டார். "பம்ப் அசெம்ப்ளி மாத்தணும் சார்" என்றார்கள். மெஷினைப் பார்க்காமலே சொன்ன வைத்தியம் அது. ஒன்பதாயிரத்து எண்ணூறு ரூபாய், பார்சல் செலவு தனி, மூன்று வாரம் ஆகும். குற்றாலத்தில் மூன்று வாரம் என்பது சீசனில் கால்வாசி. "மருமவனே, நீ இஞ்சினியர்தான, வந்து பாரேன்" என்றார் மாமா. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன். ஸ்க்ரூவைக்கூட கழற்ற முடியவில்லை. அது ஆறுமுனை ஸ்க்ரூ, நடுவே ஒரு சின்ன முளை. சாதாரண டூல் உள்ளே இறங்கக் கூடாது என்பதற்காகவே வைத்த முளை. அதை வைத்தவனும் ஒரு இஞ்சினியர்தான்.

தென்காசியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். கிரைண்டர், மிக்சி, தண்ணீர் மோட்டார், வயலுக்கு மருந்து அடிக்கிற ஸ்ப்ரேயர் எல்லாம் அவரிடம் வரும். அவர் மெஷினைத் தொடுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, ஓடும்போது ஒழுகுதா, நிறுத்தினப்புறம் ஒழுகுதா?"

இந்தக் கேள்வியை நான் இன்றுவரை வியந்துகொண்டிருக்கிறேன். பம்ப் ஓடும்போது மட்டும்தான் பீய்ச்சுகிற பக்கத்தில் அழுத்தம் இருக்கும். அங்கே ஓட்டை என்றால் ஓடும்போது ஒழுகும். உறிஞ்சுகிற பக்கம் நேர்மாறு. தொட்டியில் விரிசல் இருந்தாலும் மோட்டார் ஓடும்வரை காற்று உள்ளேதான் இழுபடும், தண்ணீர் வெளியே வராது. நிறுத்தினால்தான் சொட்டும். மூன்றாவதாக, ஓட்டையே இல்லாத ஒழுகலும் உண்டு. ஷாம்பு அதிகமானால் நுரை கிளம்பி, தொட்டிக்குள் இருக்கிற மிதவையைத் தாண்டி, மோட்டார் வழியாக வெளியே வழியும். ஆட்கள் அதையும் லீக் என்றே சொல்வார்கள். பாதி நோயை ஒரே கேள்வி பிரித்துவிடுகிறது. கம்பெனி ஃபோனில் பேசியவர் இதைக் கேட்கவில்லை. அவருக்குக் கொடுத்திருந்த தாளில் அந்தக் கேள்வி இருந்திருக்காது.

"ஓடும்போதுதான்" என்றோம். ஒரு டார்க்ஸ் முனையை அரத்தில் ராவி, முளைக்குக் குழி பறித்து, ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே எல்லாவற்றையும் துணியால் துடைத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவினார். நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றி பம்பை ஓட்டினார். "ஒழுகுத எடம் வேற, ஓட்டை வேற தம்பி. தண்ணி எங்கனயோ பொறப்பட்டு எங்கனயோ போயி சொட்டும்." பவுடர் முதலில் எங்கே கறுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பம்பின் வாயில் குழாய் சேருகிற இடத்தில் கறுத்தது. அங்கே ஒரு ஓ-ரிங், அமுங்கித் தட்டையாகி வெடித்திருந்தது. பம்புக்கு ஒரு கேடும் இல்லை.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மென்பொருளிலும் லீக் உண்டு. மெமரி லீக். அது வந்தால் எந்தக் கோப்பு, எந்த வரி என்று காட்டுவதற்கு இலவசமாகவே கருவிகள் கிடைக்கின்றன. ஆவணம் இருக்கிறது, எனக்கு முன்பு அதே பிழையில் முட்டிக்கொண்ட ஆயிரம் பேரின் குறிப்பு இருக்கிறது. அண்ணாச்சியிடம் இருந்தது பவுடர் டப்பா. எங்கள் இருவரில் யார் இஞ்சினியர் என்று பட்டம் கொடுத்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஸ்ப்ரேயர் ரிப்பேர் கிட்டில் இருந்து ஒரு ஓ-ரிங் எடுத்துப் போட்டார். பொருந்தியது. ஒழுகல் நின்றது. ஓ-ரிங் பதினைந்து ரூபாய், கூலி இருநூறு. நான் ஃபோட்டோ எடுத்தேன். நம்ம ஊர் மெக்கானிக், கார்ப்பரேட்டுக்குச் செருப்படி, இத்யாதி.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, லாட்ஜில் அறை சுத்தம் செய்கிற அக்காவுக்கு அந்த மெஷினில் ஷாக் அடித்தது. தூக்கி எறிந்திருக்கிறது. பிழைத்துக்கொண்டார்கள். வலது கை பல நாள் மரத்துப்போயிருந்தது. ஓ-ரிங் மறுபடி கசிந்து, தண்ணீர் ஒயருக்குள் இறங்கியிருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எர்த் இல்லை. அந்த லைனில் ஈ.எல்.சி.பி. போடவில்லை. இவை இரண்டும் மாமாவின் பிழை. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லி, நான்கு மாதம் பேச்சில்லாமல் இருந்தோம். ஆனால் தண்ணீர் ஏன் இறங்கியது?

வெர்னியர் காலிப்பரோடு போய் அளந்தேன். ஓ-ரிங்குக்கு உலகத்தில் சில தர அளவுகள் உண்டு. ஸ்ப்ரேயரில் இருந்து எடுத்தது ஜப்பானிய அளவு, தடிமன் 2.4 மில்லிமீட்டர். மெஷினில் இருந்த பள்ளத்தைப் பார்த்தால் அமெரிக்க அளவான 2.62-க்கு வெட்டியதாகத் தெரிந்தது. வித்தியாசம் 0.22 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியாது. புதிதாக இருக்கும்போது அடைத்துக்கொள்ளும். சூட்டிலும் அழுத்தத்திலும் கொஞ்சம் அமுங்கியதும் வழிவிடும். பழைய ரிங்கை அளந்து பார்த்திருக்கலாமே என்றால், நசுங்கிப்போன ரப்பர் தன் பழைய அளவைச் சொல்லாது. அதோடு எந்த ரப்பர் என்பதும் இருக்கிறது. இ.பி.டி.எம். ரப்பர் சுடுதண்ணீரைத் தாங்கும், ஆனால் வாசலினோ சாதாரண கிரீஸோ தடவினால் ஊதிப்போகும். நைட்ரைல் எண்ணெய்க்குப் பயப்படாது. இரண்டும் கறுப்பு. பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஓ-ரிங்கின் கதை தெரிந்தால் ஆத்திரம் கூடும். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்கிற முதியவர் 1937-இல் விண்ணப்பித்து, 1939-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். போர் வந்ததும் அமெரிக்க அரசு அவருக்கு 75,000 டாலர் கொடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று அந்த உரிமையைத் திறந்துவிட்டது. பிறகு அளவுகள் தரப்படுத்தப்பட்டன. இன்று ஏ.எஸ்.568 என்கிற அமெரிக்கத் தரத்தில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு மூன்று இலக்க எண். அந்த எண்ணையும் ரப்பரின் பெயரையும் பம்பின் மீது அச்சடிக்க என்ன செலவாகும்? அச்சடிக்காததற்குக் காரணம் செலவு இல்லை. பதினைந்து ரூபாய்ச் சாமானை ஒன்பதாயிரத்து எண்ணூறு ரூபாய்ச் சாமானுக்குள் ஒளித்து விற்க முடியாமல் போகும்.

"பார்த்தாயா, பயிற்சி இல்லாதவன் கை வைத்தால் இப்படித்தான் ஆகும்" என்று இந்தச் சம்பவத்தையே எனக்கு எதிராகத் திருப்புவார்கள் என்று தெரியும். உலகம் முழுக்கக் கம்பெனிகளின் வாதம் இதுதான். பாதுகாப்பு. கார் கம்பெனிகள் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன்னால் இதைச் சொல்லிப் பார்த்தன. ஆணையம் ஏற்கவில்லை. வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகமும் ரிப்பேர் கையேடும் கிடைக்காமல் செய்ததற்காக 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போய்விட்டது, அது தனிக் கதை. என் பதில் சின்னது. அண்ணாச்சிக்கு மூன்று இலக்க எண் தெரிந்திருந்தால் அந்த அக்காவுக்கு ஷாக் அடித்திருக்காது. அவரை இருட்டில் வேலை செய்ய விட்டவர்கள், அவர் இருட்டில் தடுக்கி விழுந்ததைச் சாட்சியாகக் கொண்டுவரக் கூடாது.

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாதனம், வாகனம் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். அதே டிசம்பரில் ஒரு இணையதளமும் வந்தது. இதை எழுதும்வரை தனிச் சட்டம் வரவில்லை. வந்தாலும் மாமாவின் மெஷின் அதற்குள் வருமா என்பது சந்தேகம். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வியாபாரத்துக்காகப் பொருள் வாங்குகிறவர் நுகர்வோரே இல்லை. சுயதொழில் செய்து பிழைக்க மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. பதினான்கு அறை வைத்திருப்பவர் அதில் அடங்குவாரா என்று வக்கீல்கள் வாதாடலாம். ஐரோப்பாவும் சொர்க்கமில்லை. 2024-இல் அங்கே வந்த ரிப்பேர் உரிமை ஆணையின் பட்டியலில் வாக்குவம் கிளீனர் இருக்கிறது. ஆனால் வாக்குவம் கிளீனருக்கான 2013 விதியைப் பிரித்துப் பார்த்தால் ஈரம் உறிஞ்சுகிற வகையை வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

கம்பெனிகளைத் திட்டுவது சுலபம். இந்தக் கட்டுரையைப் படிக்கிற பலருக்கும் அதில் சிரமம் இருக்காது. எனக்குச் சிரமமாக இருப்பது நாம் கொடுக்கிற பாராட்டுதான். "ஜுகாட்" என்று ஒரு வடநாட்டுச் சொல்லைக் கடன் வாங்கி, வழியில்லாதவன் தட்டுத்தடுமாறிச் செய்வதைத் திறமை என்று கொண்டாடுகிறோம். மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குப் படம், அளவு, சம்பளம், ஏசி எல்லாம் கிடைக்கும். இவருக்கு நம்முடைய வியப்பு கிடைக்கும். ஒரு டாக்டரை எக்ஸ்ரே இல்லாமல், மருந்தின் பெயர் தெரியாமல், கண்ணைக் கட்டிக்கொண்டு ஆபரேஷன் செய்யச் சொல்லிவிட்டுக் கைதட்டுவோமா? மெக்கானிக் என்றால் மட்டும் கைதட்டுகிறோம். அந்தக் கைதட்டல் இருக்கும்வரை யாரும் அவருக்குக் கையேடு கொடுக்கப்போவதில்லை. அவர்தான் எதையும் சரி பண்ணிவிடுவாரே.

என் கணக்கிலும் ஒன்று இருக்கிறது. முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், கருவியில் மாட்டிய பாகத்தின் சீரியல் எண் எங்கள் பட்டியலில் இல்லையென்றால் அதை ஓடவிடாமல் நிறுத்துகிற நிபந்தனையை எழுதினேன். நாலு வரி. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பு முடித்துவிட்டேன். அந்த நாலு வரியால் எந்த ஊரில், எந்தக் காயில் கடையில் யார் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவேயில்லை.

ஷாக் விஷயம் தெரிந்த அன்று அண்ணாச்சி கடையை மூடிவிட்டு லாட்ஜுக்கு வந்தார். அக்காவைப் பார்த்துவிட்டு, மாமாவிடம் இருநூற்றுப் பதினைந்து ரூபாயைத் திருப்பி நீட்டினார். மாமா வாங்கவில்லை. "நான் பாத்திருக்கணும் தம்பி" என்று என்னிடம் சொன்னார். எதைப் பார்த்திருக்க முடியும், 0.22 மில்லிமீட்டரையா என்று கேட்டேன். அவருக்கு அந்தப் பதில் போதவில்லை.

மாமா இப்போது வேறு மெஷின் வாங்கிவிட்டார், ஈ.எல்.சி.பி.யும் போட்டுவிட்டார். பழையது அண்ணாச்சி கடையில் மூலையில் நிற்கிறது. சரியான ரிங் கிடைத்தால் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன் என்கிறார். அளவையும் ரப்பரின் பெயரையும் கேட்டுக் கம்பெனிக்கு மூன்று மெயில் போட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்: அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகவும். எங்களுக்கு அருகில் என்றால் மதுரை. நேற்று நாலாவது மெயில் போட்டிருக்கிறேன்.