எதிரே ரசிகர் இருக்க வேண்டும்

2020 டிசம்பரில் கொரோனா சென்னையின் மார்கழி மேடைகளை மூடியபோது மியூசிக் அகாடமி தன் விழாவை இணையத்தில் நடத்தியது. சபாக்கள் ஒன்றுசேர்ந்து ‘யுவர்ஸ் ட்ரூலி மார்கழி’ என்ற இணைய விழாவைக் கட்டணம் வைத்து நடத்தின. அந்த ஏற்பாடு ஒரு சீசனைக் காப்பாற்றியது. ஆனால் அன்று தொடங்கிய ஒரு பேச்சு இன்னும் ஓயவில்லை: மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் நெரிசலில் போய் வருவானேன், திரையே போதுமே என்று. போதாது என்பேன். ஒலியில் குறை இல்லை. நல்ல ஹெட்போனில் சில அரங்குகளைவிடத் துல்லியமாகவே கேட்கும். ஆனால் கச்சேரியில் பெரும்பகுதி மேடையிலேயே பிறக்கிறது. ஆலாபனை எவ்வளவு நேரம், நிரவலுக்கு எந்த வரி, ஸ்வரத்தை எங்கே முடிப்பது என எதுவும் எழுதிவைத்துப் பாடப்படுவதில்லை. முன்வரிசையில் தொடையில் தாளம் போடும் கை, நல்ல பிடி விழுந்ததும் எழும் ‘பேஷ்’, ஏன், தனியாவர்த்தனத்தில் எழுந்து வெளியே போகிறவர்கள்கூட மேடையில் இருப்பவரைத் தொடுகிறார்கள். ஆளில்லாத அரங்கில் கேமராவுக்குப் பாடுகிறவருக்கு இதில் ஒன்றும் கிடைப்பதில்லை.

ரசிகரே இல்லாத வானொலி நிலையத்தில் மேதைகள் அற்புதமாகப் பாடவில்லையா என்று கேட்கலாம். பாடினார்கள். சென்னை வானொலி 1938இல் ஒலிபரப்பைத் தொடங்கியபோது அங்கே வந்த வித்வான்கள் கோயில் உற்சவங்களிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் கூட்டத்தின் நாடி பிடித்துப் பழகியவர்கள். பிற்பகல் கச்சேரியில் முப்பது பேர் முன்னால் பாடும் இன்றைய இளைஞருக்கு அந்தப் பழக்கம் அந்த முப்பது பேரிடமிருந்துதான் வர வேண்டும். அவர்களும் வீட்டிலேயே இருந்துவிட்டால், பத்து ஆண்டு கழித்து இணையத்தில் கேட்பதற்கே தேர்ந்த பாடகர் குறைந்துபோவார்.

படியேற முடியாத முதியவருக்கும் டொரண்டோவில் இருக்கும் தமிழருக்கும் இணையம் பெரிய வரம். அதைப் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குப் போக வேண்டியது, ஆட்கள் நிறைந்த அரங்கிலிருந்து வரும் நேரலை. எனவே சபாக்கள் முதலில் அரங்கை நிரப்பப் பார்க்க வேண்டும்: சாய்தளமும் லிஃப்ட்டும் வேண்டும், மாணவர்களுக்குக் கட்டணம் குறைய வேண்டும், கச்சேரி முடியும் நேரம் கடைசிப் பேருந்துக்கு ஒத்துவர வேண்டும். சபா வாசலுக்கே வராதவர்களைத் தேடி மேடையும் போகலாம். பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் மீனவர் குடியிருப்பிலேயே விழா நடத்திக் காட்டியிருக்கிறார்கள். கேமராவுக்குச் செலவிடத் தயங்காத சபாக்கள் இவற்றுக்கும் அதே அக்கறையோடு பணம் ஒதுக்கட்டும்.