பொட்டைக் குட்டின்னா வேண்டாமா?



நம்ம உத்தமபாளையத்துக்குப் பக்கத்துல இருக்கிற கோம்பை, நாய்க்கே பேர் போன ஊர். ஆனா எங்க தெருவுல போன மாசம் ஒரு தெருநாய் அஞ்சு குட்டி போட்டுச்சு. ரெண்டு கடுவன் குட்டியை உடனே தூக்கிட்டுப் போயிட்டாங்க. மூணு பொட்டைக் குட்டியும் சாக்கடை ஓரமே கிடக்குது.

ஒன்றை வளர்க்கலாமா என்று வீட்டில் கேட்டேன். "பொட்டையா? வருசத்துக்கு ரெண்டு தடவை குட்டி போடும். யாரு பாக்குறது?" என்று அப்பத்தா கத்தியது. குட்டி போடும் என்பது உண்மைதான். அதற்குத்தான் கருத்தடை ஆபரேஷன் இருக்கிறதே!

1959-ல் சென்னையில் விமானி கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளை வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அப்படி ஆரம்பித்ததுதான் ப்ளூ கிராஸ். தெருநாயைக் கொல்ல வேண்டாம், கருத்தடை செய்தால் போதும் என்று 1964-லேயே அவர்கள் சொன்னார்கள். சென்னை மாநகராட்சி கேட்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது! இன்றும் அங்கே ஆதரவில்லாத நாய்களைத் தத்து கொடுக்கிறார்கள்.

காசு கொடுத்து நாய் வாங்குவதைவிட இப்படி எடுத்து வளர்ப்பதே சரி என்பது என் கருத்து. (கோம்பை நாய் வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம்.) மூன்று மாதம் ஆனதும் மாட்டாஸ்பத்திரியில் வெறிநாய் ஊசி போடணும். பிறகு மறக்காமல் வருஷா வருஷம் போடணும்.

அப்பத்தா இன்னும் சம்மதிக்கலை. நேற்று பார்த்தப்ப ரெண்டு குட்டிதான் இருந்துச்சு. வளர்க்க ஆசை உள்ளவங்க ஒன்பதாம் வகுப்புக்கு வந்து என்னைக் கேளுங்க. கடுவன் இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி