காரணத்தையும் சேர்த்துக் கொடுப்போம்

"சாமி, மகன் இரவு வெகுநேரம் கணினிமுன் அமர்ந்து கார்ப் பந்தயம் ஓட்டுகிறான். ஓட்டாத நேரத்தில் ஏதேதோ எண்களைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கிறான். முகமறியாத யார் யாருக்கோ அவற்றை அனுப்பியும் வைக்கிறான். இதனால் என்ன பயன்?" ஆமத்தூர்ப் பக்கத்துப் பெற்றோர் நம்மிடம் இவ்வாறு கேட்பதுண்டு. வினா நியாயமானதே. ஆயினும் ஒன்றைக் கண்டிக்குமுன் அது இன்னதென்று அறிந்துகொள்வது நம் கடமையன்றோ? ஆதலின் இத்திங்கள் அதனைச் சற்று ஆராய்வோம்.

கணினியில் கார் ஓட்டும் விளையாட்டுகள் பல. அவற்றுள் சில வெறும் பொழுதுபோக்கு. வேறு சிலவோ, உண்மைப் பந்தயக் காரின் எடை, டயர், ஸ்பிரிங், காற்றின் எதிர்ப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு, அக்கார் சாலையில் எவ்வாறு ஓடுமோ அவ்வாறே திரையில் ஓடச் செய்பவை. 2008-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஐரேசிங், 2014-ல் இத்தாலியர் முழுவடிவில் வெளியிட்ட அசெட்டோ கோர்சா ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பின்னதன் பெயருக்கு இத்தாலிய மொழியில் ‘பந்தயத்திற்கான அமைப்பு’ என்பதே பொருள். வண்டியை ஓட்டுவது பாதி வேலை. அதனைச் சாலைக்கேற்ப அமைப்பது மறுபாதி என்பதை அப்பெயரே உணர்த்துகின்றது.

அமைப்பு என்பது யாது? டயரில் காற்று எவ்வளவு, சக்கரத்தின் சாய்வு எவ்வளவு, ஸ்பிரிங்கின் இறுக்கம் எவ்வளவு, பிரேக்கின் விசையில் முன்சக்கரங்களின் பங்கு எவ்வளவு என்பன போன்ற எண்களின் தொகுதியே அது. பின்புறத்து இறக்கையை நிமிர்த்தினால் காற்று வண்டியைத் தரையோடு அழுத்தும். வேகமான வளைவுகளில் பிடிப்பு மிகும். நேர்ச்சாலையிலோ வேகம் குறையும். பிரேக்கின் விசை முன்புறத்தில் அளவுக்கு மீறினால் முன்சக்கரங்கள் சுழலாது நின்றுவிடும். எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேரே செல்லும். பின்புறத்தில் மீறினால் வண்டியே சுழன்றுவிடும். ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றைச் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டும். சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் நம் தாய்மார்களுக்கு இது புதிய பாடமன்று.

இவ்வெண்கள் யாவும் ஒரு சிறிய கோப்பில் அடங்கிவிடும். அக்கோப்பு நொடிப்பொழுதில் கடல்கடந்து செல்லும். விலைக்கு விற்போரும் உளர். எனினும் தாம் பல இரவுகள் முயன்று கண்டதை விலையின்றி வழங்குவோர் மிகப் பலர். இது பாராட்டத்தக்க பண்பே.

ஆனால், ஈண்டு ஒரு வியப்பு நிகழ்கின்றது. முதலிடம் பெற்றவரின் எண்களை வாங்கித் தன் வண்டியில் அப்படியே பொருத்திய புதியவன், முதல் வளைவிலேயே சுழன்று சாலைக்கு வெளியே போய் நிற்கிறான். எண்களில் பிழையில்லை. விரைந்தோட்டுபவர் வண்டியின் பின்புறம் எளிதில் திரும்பும்படி அமைத்திருப்பார். அதனைக் கட்டுப்படுத்த அவர் கையும் காலும் பழகியிருக்கும். புதியவனுக்கோ அப்பழக்கம் இல்லை. மேலும், சாலையின் வெப்பம் மாறினால் டயரின் அழுத்தமும் மாறும். காலையில் பொருந்திய எண் நண்பகலில் பொருந்தாது.

சிவகாசியில் ஆப்செட் அச்சியந்திரம் ஓட்டுவோரைக் கேட்டுப் பாருங்கள். மையின் அளவு, நீரின் அளவு, உருளைகளின் அழுத்தம் ஆகிய மூன்றையும் ஒருவர் குறித்துக் கொடுத்துவிடலாம். ஆயினும் மழைக்காலத்தில் காகிதம் ஈரத்தை உண்டு நீளும். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விலகும். ‘இவ்வளவு’ என்பதை மட்டும் கற்றவர் அப்போது திகைப்பார். ‘ஏன்’ என்பதையும் கற்றவரே திருத்திக்கொள்வார்.

ஆகவே நல்ல ஓட்டுநர் எண்களோடு காரணங்களையும் எழுதி அனுப்புகிறார். "மூன்றாம் வளைவில் முன்புறம் திரும்ப மறுத்தது, ஆதலால் முன் ஸ்பிரிங்கைச் சற்றுத் தளர்த்தினேன்" என்று அவர் எழுதினால், பெறுபவன் தன் கைக்கேற்ப மாற்றிக்கொள்ள முடியும். அவர் கைக்கொள்ளும் ஒழுங்கும் நோக்கத்தக்கது: ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுவார், மாற்றியபின் சில சுற்றுகள் ஓட்டிப் பார்ப்பார், கண்டதைக் குறித்துக்கொள்வார். இரண்டை ஒருங்கே மாற்றினால் நன்மை எதனால் விளைந்தது என்று எவர்க்கும் தெரியாது.

திரையில் பிழைத்தால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். மெய்யுலகில் அவ்வாறன்று. 2005 சூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில், சரிவான ஒரு வளைவின் விசையை மிச்செலின் டயர்கள் தாங்கா என்று அஞ்சி, 14 கார்கள் தொடக்கத்திலேயே விலகிக்கொண்டன. எஞ்சிய ஆறனுள் ஒன்றை ஓட்டி நான்காம் இடம் பெற்றவர் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். அன்று உலகம் எள்ளி நகைத்தது. ஆயினும் காரணம் அறிந்து நின்றோர் உயிரோடு வீடு திரும்பினர்.

நம் கரிசல் மண்ணுக்கு இவ்வுண்மை பிறரினும் மிகுதியாகத் தெரியும். பட்டாசு ஆலையில் "இரும்புக் கருவி ஆகாது", "ஓரறையில் இத்தனை பேருக்குமேல் கூடாது" என்பவை வெறும் கட்டளைகளாகவே பலர் செவியில் விழுகின்றன. இரும்பின் உரசலில் தீப்பொறி எழும் என்பதும், ஓரறையில் தீ பற்றினால் உயிரிழப்பு சிலரோடு நிற்க வேண்டும் என்பதும் உடன் சொல்லப்படுவதில்லை. காரணம் அறியாதவன் அவசரம் நேரும்போது கட்டளையை எளிதில் மீறுவான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் மாண்டன. அவர்களுள் பலர் அவ்வாலையின் தொழிலாளர் அல்லர். புகையைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள். ஒரு வெடிப்பின் பின்னே மற்றொன்று வரக்கூடும் என்ற அறிவு, ஆலைச் சுவருக்குள் மட்டுமன்றி, ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய சொத்து.

எனவே, பெற்றோரே, மகனின் விளையாட்டிற்கு நேர வரம்பு விதியுங்கள். உறக்கமும் படிப்பும் கெட விடாதீர்கள். அதனோடு, ஒரு மாலை அவனருகே அமர்ந்து, "இந்த எண்ணை ஏன் மாற்றினாய்?" என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்தால் அவன் கற்கிறான் என்று மகிழுங்கள். தெரியாவிடில், "காரணத்தைக் கண்டுபிடித்து நாளை எனக்குச் சொல்" என்று பணியுங்கள்.

இளைஞரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். முகமறியாதவனுக்குக் காரணத்தோடு எண்களை அனுப்பும் அதே தாராள மனத்தை, நாளை நீங்கள் அச்சகத்திலோ, தீப்பெட்டி ஆலையிலோ, பட்டாசு ஆலையிலோ பணியேற்கும்போதும் காத்துக்கொள்ளுங்கள். அங்கே உங்களுக்குப் பின் வரும் புதியவனிடம் ‘இப்படிச் செய்’ என்பதோடு நிறுத்தாமல், ‘இதனால் இப்படிச் செய்’ என்று சொல்லுங்கள். அவ்வொரு சொல் ஒரு குடும்பத்தின் விளக்கை அணையாமல் காக்கும்.