சி.எஸ்.ஸைத் திட்டும் முன்

நம் கூட்டங்களில் பசுமைப் புரட்சி என்று பேச்செடுத்தாலே சி.சுப்பிரமணியத்துக்குத்தான் முதல் அடி. முப்பது வருஷம் வங்கியில் பயிர்க்கடன் கொடுத்துவிட்டு, இப்போது தொண்டி பக்கம் மானாவாரியில் சித்திரைக்கார் விதைக்கிற எனக்கு அது சரியாகப் படவில்லை.

பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அரசியல் நிர்ணய சபை, 1952 முதல் பத்து வருஷம் சென்னையில் அமைச்சர், 1962இல் மக்களவை. 1964இல் உணவு அமைச்சரானபோது நாடு அமெரிக்கக் கப்பல் கோதுமையை எதிர்பார்த்துக் கிடந்தது. அடுத்து மழையும் பொய்த்தது. எதிர்ப்புக்கு நடுவே 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வரவழைத்தார். டெல்லியில் தன் பங்களாப் புல்தரையையே உழுது புது ரகக் கோதுமையை விதைத்தார். எனக்குப் பிடித்த இடம் இதுதான். மறுவருஷமே தேர்தலில் தோற்றார். திரும்ப வந்து நிதியமைச்சராக இருந்தபோது, 1975இல், கிராம வங்கிகள் தொடங்கின.

அந்த விதை உரமும் தண்ணீரும் கேட்கிற விதை. வாய்க்கால் பாசனத்துக்குப் போட்ட கணக்கைக் கண்மாயை நம்பின ராமநாதபுரத்துக்கும் அப்படியே போட்டோம் பாருங்கள், தப்பு அங்கேதான். போட்டவர்களில் நானும் ஒருத்தன். நாட்டு நெல்லுக்குக் கடன் கேட்டு வந்த பெரியவரிடம், "உர ரசீது கொண்டாங்கய்யா, பார்க்கலாம்"னேன். "தண்ணியே இல்லாத பூமிக்கு உரம் எதுக்கு சார்?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை, திருப்பி அனுப்பிவிட்டேன்.

இனி ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கப் போகிறேன்: மானாவாரி நாட்டு நெல்லுக்காகச் சபையில் பேசுவீர்களா? பேசுமுன் உங்கள் வீட்டு வாசலில் ஒரு படி விதைத்துப் பாருங்கள். விதை நான் தருகிறேன்.