கிளிக் செய்த பிள்ளையை மட்டும் திட்டாதீர்கள்

மாதக் கடைசி. அக்கவுண்ட்ஸில் இருக்கும் பெண்ணுக்குத் தலைநிமிர நேரமில்லை. நூல் மில்லிலிருந்து வந்ததுபோல ஒரு மெயில்: 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பாக்கியைப் புது எண்ணுக்கு அனுப்பவும்.' பில் நம்பர் சரி, தொகை சரி, லோகோவும் சரி. முகவரியில் 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்று இரண்டு சின்ன எழுத்துகள் ஒட்டி நிற்கின்றன. அவசரத்தில் பார்க்கும் கண்ணுக்கு அது 'எம்'தான். பணம் போய்விடுகிறது. மில்காரர், "பேமெண்ட் இன்னும் வரலையே" என்று கூப்பிடும்போதுதான் விஷயமே தெரிகிறது. உடனே கம்பெனி முழுக்க அவள்மேல் பாய்கிறது.

கேட்கவே வயிறு எரிகிறது. அவளுக்கு யார் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்? சேர்ந்த அன்றே டேலியைக் காட்டினீர்கள், ஜிஎஸ்டியைக் காட்டினீர்கள். அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும் என்று ஒருவராவது சொன்னீர்களா? கூகுளும் ஃபேஸ்புக்குமே 2013 முதல் 2015 வரை, தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் பெயரில் வந்த போலி பில்களுக்கு 10 கோடி டாலருக்குமேல் கொடுத்து ஏமாந்தன. ஏமாற்றிய லிதுவேனியாக்காரருக்கு 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் 5 ஆண்டு சிறை விதித்தது. அவ்வளவு பெரிய கம்பெனிகளுக்கே அந்தக் கதி என்றால், இந்தப் பெண்ணை என்ன சொல்வது?

வருஷத்துக்கு ஒருநாள் திரையில் நாலு படம் காட்டிக் கையெழுத்து வாங்குவதைப் பயிற்சி என்று சொல்லாதீர்கள். போன வாரம் உங்கள் கம்பெனிக்கே வந்த போலி மெயிலை எடுத்து எல்லோருக்கும் காட்டுங்கள். கணக்கு எண் மாற்றம் என்று எது வந்தாலும், பழைய பில்லில் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டபிறகே பணம் போக வேண்டும். மெயிலிலேயே கொடுத்திருக்கும் நம்பரை நம்பக் கூடாது. அதை எடுப்பவனும் திருடன்தான்.

'மீட்டிங்கில் இருக்கிறேன், உடனே அனுப்பு' என்று முதலாளி பெயரிலும் மெயில் வருகிறது. உண்மையா என்று கேட்கக் கூப்பிட்ட பிள்ளையிடம் ஒருமுறை எரிந்து விழுந்தால் போதும், மறுமுறை கூப்பிடவே மாட்டாள். தவறு நடந்தாலும் வேலை போய்விடுமே என்று பயந்து மறைப்பாள். அதற்குள் பணம் நாலைந்து கணக்கு மாறிவிடும்.

முதலாளிமார்களே, அந்தப் பயத்தை முதலில் போக்குங்கள். பணம் போனது தெரிந்த நிமிடமே வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் போன் போடச் சொல்லுங்கள். விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.