வாய்க்காலைத் தூர்த்த பிறகு தரிசு

எங்கள் ஊர் ஏரியின் இரண்டாம் மதகுப் பாசனத்தில் இன்னொரு மனைப்பிரிவு வரப்போகிறது. டீக்கடையிலிருந்து கிராமசபை வரை ஒரே பேச்சு: "தரிசாக் கிடக்கிற நிலம்தானே, நாலு வீடு வந்தா ஊருக்கு நல்லதுதானே?" செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரிக்கரை ஊர் எதற்குப் போனாலும் இதைக் கேட்கலாம்.

தரிசு என்பது உண்மைதான். எப்படித் தரிசானது? நான்கு வருடத்துக்கு முன் மதகை ஒட்டி முதல் லேஅவுட் போட்டார்கள். கிராவல் கொட்டி ரோடு எழுப்பினார்கள். குறுக்கே ஓடிய நான்கடி வாய்க்காலுக்குப் பதிலாக ஆறங்குல பி.வி.சி. குழாய் ஒன்றைப் பதித்தார்கள். முதல் மழையிலேயே அதன் வாயில் வைக்கோலும் பாலிதீன் பையும் அடைத்துக்கொண்டன. கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை. அந்த வருடம் நவரை போனது, அடுத்த வருடம் சம்பாவும் போனது. அதற்கடுத்த வருடம் சீமைக்கருவேலம் முளைத்தது. இன்று அதே வயலைக் காட்டித்தான் தரிசு என்கிறார்கள்.

முறைப்படி அப்ரூவல் வாங்குகிறோமே என்பது அடுத்த வாதம். வாங்கித்தான் ஆகவேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விவசாய நிலத்தை மனையாக மாற்றுவதற்கான 2017 விதிகளின்படி நன்செய் என்றால் கலெக்டர் வரை கோப்பு போக வேண்டும். ஆனால் ரோட்டு அகலம், பூங்காவுக்கு விட்ட இடம், மனையில் வெள்ளம் தேங்குமா என்பதையெல்லாம் பார்க்கிற கோப்பில் கீழ்வயலுக்குத் தண்ணீர் போகுமா என்ற கேள்வியை யாரும் அழுத்திக் கேட்பதாகத் தெரியவில்லை. மதகிலிருந்து பிரியும் பெரிய வாய்க்கால் புறம்போக்கு, வரைபடத்தில் இருக்கும். அதிலிருந்து வயலுக்கு வயல் பிரியும் கிளைவாய்க்கால்கள் பல இடங்களில் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுகின்றன. பாட்டன் காலத்து வழக்கம்தான் அவற்றுக்கு ஆதாரம். புலப்படத்தில் இல்லாத வாய்க்காலை லேஅவுட் போடுகிறவர் எதற்காக வரைந்து காட்டப்போகிறார்?

வீடு இல்லாதவன் எங்கே போவான் என்கிறார்கள். நியாயமான கேள்வி. முதல் லேஅவுட்டைப் போய்ப் பாருங்கள். மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களும் சாயம் போன கொடிகளும் நிற்கின்றன. எழும்பிய வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாங்கியவர்களில் பலர் பிள்ளையின் கல்யாணச் செலவுக்கு விற்கலாம் என்று போட்டு வைத்திருக்கிறார்கள். (அதில் தப்பில்லை, ஆனால் அதை வீடு என்று சொல்லக் கூடாது.) எங்கள் ஊரில் உண்மையாகவே வீடில்லாதவர்கள் நத்தத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சதுர அடிக் கணக்கில் விற்கும் மனை அவர்களுக்கு எட்டாது.

கட்டிக் குடிவருகிறவர்களுக்கும் இது நல்லதில்லை. வடிகால் அடைபட்ட தாழ்நிலத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை என்ன செய்யும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் புறநகரின் முடிச்சூரும் வரதராஜபுரமும் பார்த்தன. படகு வைத்து ஆட்களை இறக்கினார்கள்.

சொந்த நிலம், விற்கிறான், உனக்கென்ன? விற்கிறவர்மேல் எனக்குக் கோபமில்லை. தண்ணீர் வராத நன்செய்யை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அப்ரூவலுக்கு முன் அந்தக் குழாயைப் பிடுங்கிவிட்டு, வாய்க்காலைப் பழைய நான்கடிக்கு வெட்டிக் கொடுங்கள். நவரைக்கு மதகு திறக்கட்டும். தண்ணீர் பாய்ந்த பிறகும் அந்த நிலம் தரிசாகவே கிடந்தால், மனைக்கல் நட நானே கடப்பாரையோடு வருகிறேன்.